காலிக் குடமும் தண்ணீர் பாட்டிலும்

2025 மார்ச் 22, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் வாங்கி வைத்துவிட்டு ஆம்பூர் ரயில் நிலையம் வரை நடந்து, திரும்பும் வழியில் டீக்கடையில் நாளிதழை முழுவதும் படித்தேன். அந்தக் கடையில் நாளிதழ் காலை ஆறு மணிக்கே தனித்தனித் தாள்களாகப் பிரிந்து பெஞ்சுக்கு ஒன்றாகப் போய்விடும். முழுவதும் படிக்க வேண்டுமென்றால் எல்லா பெஞ்சிலும் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். குளித்து, இட்லி சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனேன். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு.

சாயங்காலம் சாம்பிள் ரூமில் பர்வீன் மூன்று ஜோடி பள்ளிக்கூட ஷூக்களை என் பையில் வைத்தாள். மூக்கு நசுங்காமல் இருக்க உள்ளே பழைய நாளிதழ் திணித்திருந்தாள். கப்பலில் போகும் சரக்குக்குத்தான் வெள்ளை டிஷ்யூ தாள். கையில் கொண்டுபோகும் சாம்பிளுக்கு அந்த மரியாதை கிடையாது. எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில் கிர்மா என்ற மொத்த வியாபாரியிடம் அவற்றைக் காட்டி, ஆர்டர் வாங்கி வருவது என் வேலை.

"பாத்துப் பேசுங்கணா," என்றாள் பர்வீன். "இந்த ஆர்டர் வந்தாத்தான் ரெண்டாவது லைன் ஓடும். இல்லன்னா ரம்ஜான் முடிஞ்சி நீங்க யாரும் வர வேணாம்னு சொல்லிட்டாங்க."

இரண்டாவது லைன் என்ற தையல் வரிசையில் வேலை செய்பவர்கள் எல்லாரும் பெண்கள். பர்வீனும் அந்த லைனின் கணக்கில்தான் இருக்கிறாள்.

வெளியூர் போகிறவர்கள் கோபுரம் பார்ப்பார்கள், கடற்கரை பார்ப்பார்கள். நான் நாளிதழ் பார்ப்பேன். ஒரு நாட்டுக்குக் கஷ்டம் வரும்போது அதன் நாளிதழ் என்ன படம் போடுகிறது என்பதில் எனக்கு நெடுநாள் ஆர்வம். பங்களாதேஷுக்குத் தோல் பார்க்கப் போயிருந்தபோது டாக்கா தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாள் முதல் பக்கத்தில் தண்ணீருக்கு நடுவே ஒரு ரிக்‌ஷா, அதில் குடை பிடித்த ஒரு பெண், பின்னால் மேகம். படம் அவ்வளவு அழகு. வெள்ளம் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனால்தான் என்ன என்று தோன்றியது. வியட்நாமில் புயல் அடித்த வாரம் வேறு மாதிரி. ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அதிகாரி விரலை நீட்டி ஆற்றைக் காட்டுகிறார். சுற்றி நிற்பவர்கள் அந்த ஆற்றை வாழ்நாளில் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

நம் ஊரில் காலிக் குடம். தண்ணீர் வரவில்லையென்றால் காலிக் குடத்தோடு மறியல். பஸ் வரவில்லையென்றால்கூட, கூட்டத்தில் யாராவது ஒருவர் குடம் கொண்டுவந்திருப்பார். செய்தியும் ஒரே அச்சுதான்: பெண்கள் திடீர் சாலை மறியல், போக்குவரத்து பாதிப்பு, போலீசார் பேச்சுவார்த்தை, அனைவரும் கலைந்து சென்றனர், அப்பகுதியில் சிறிது நேரம் பரபரப்பு. நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு டீயை ஒரு வாய் குடித்து அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள். பரபரப்பு என்ற சொல்லைப் பார்த்துப் பரபரத்த ஓர் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

சனிக்கிழமை இரவே விமானம் ஏறி, ஞாயிற்றுக்கிழமை அடிஸ் அபாபாவில் இருந்தேன். மலை மேலே இருக்கும் ஊர்; ஏலகிரிபோலக் குளிர். விடுதிப் பதிவேட்டில் வரவேற்புப் பெண் தேதி எழுதினாள்: 14-7-2017. தப்பு என்று சொன்னேன். தப்பில்லை, இது எங்கள் காலண்டர் என்றாள். அவர்களுடைய வருடம் நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் நடக்கிறது. அவர்களுக்கு மார்ச் பாதி வந்தால் ஏழாவது மாதம். 2017இல் எனக்குச் சர்க்கரை வியாதி வந்திருக்கவில்லை. எனவே அன்று மாலை காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டில்தான் அந்த ஊர் என்னை ஏமாற்றியது. அங்கே கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். கறி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். ஊரில் ரம்ஜான் நோன்பு, இங்கே இந்த நோன்பு. பிரியாணி ஊரிலிருந்து வந்தவன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். இன்ஜெரா என்ற பெரிய புளித்த தோசையை விரித்து அதன் மேல் கடலைமாவுக் குழம்பும் பருப்பும் கீரையும் வைத்துத் தருகிறார்கள். முதல் நாள் முகம் சுளித்தேன். மூன்றாம் நாள் தட்டைத் துடைத்தேன்.

விடுதிக்கு எதிரே ஒரு வளைவுக்குக் கீழே ஒருவர் நாளிதழ்களை வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்து வாங்கி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். மடிப்பு கலைந்தால் முறைப்பார். நம் டீக்கடைக்கு இவரை ஒரு வாரம் அழைத்துவந்தால் மாரடைப்பு வந்துவிடும். எழுத்து புரியாததால் நான் படம் மட்டும் பார்த்தேன். முதல் பக்கத்தில் நீளமான மேஜை, சுற்றிலும் கோட்டு போட்டவர்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில். என்ன செய்தி என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"பெட்ரோல் தட்டுப்பாடு," என்றார் அவர். "அதைப் பற்றி ஆலோசனை செய்கிறார்கள்."

"பெட்ரோல் நிலைய வரிசையைப் படம் எடுக்கவில்லையா?"

"வரிசையைத்தான் நாங்கள் தினமும் பார்க்கிறோமே. இவர்களைத்தான் பார்க்க முடியாது."

நம் கஷ்டத்துக்குக் காலிக் குடம், அவர்கள் கஷ்டத்துக்கு நிறைந்த பாட்டில் என்று அன்று டைரியில் எழுதிக்கொண்டேன். எழுதியபோது அது எனக்குள் வைத்துக்கொள்ளும் வேடிக்கையாக இருந்தது.

திங்கட்கிழமை கிர்மாவை மூன்று மணிக்குப் பார்ப்பதாகப் பேச்சு. நீலமும் வெள்ளையுமான வாடகை வேனில் ஏறினேன். அது பாதி வழியில் பெட்ரோல் வரிசையில் போய் நின்றது. வரிசை தெருமுனை தாண்டிப் போயிருந்தது. வேனில் இருந்த யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் சீட்டுக்கட்டு எடுத்தார். நான் இறங்கி நடந்து, வியர்த்து விறுவிறுத்து, சரியாக மூன்றுக்குக் கடை வாசலில் நின்றேன். கிர்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்த ஊர்க் கடிகாரம் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. அவர் சொன்ன மூன்று மணி, நம்முடைய காலை ஒன்பது. இருபது வருடமாக எந்த வேலைக்கும் தாமதமாகப் போகாதவன், ஆறு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்.

கிர்மா ஐம்பது வயதுக்காரர், கனத்த உடம்பு, மெல்லிய குரல். கணக்கைப் பார்ப்பவர் அவருடைய அக்கா அல்மாஸ். கடையில் அக்கா தலையாட்டாமல் ஒரு செருப்பு வார்கூட விற்காது என்பது உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அல்மாஸ் ஷூவை வளைத்துப் பார்த்தார், தையலை நகத்தால் கீறினார், உள்ளே கையை விட்டுத் திணித்திருந்த தாளை உருவினார். கசங்கிய தாளை எறியாமல் மேஜையில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டார். நம்மைப்போல ஒழுங்கு பார்க்கிறவர் என்று எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அக்காவும் தம்பியும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு என் குடும்பம் நலமா என்று கேட்டார்கள். நலம் என்றேன். உண்மையிலேயே நலமா என்று அல்மாஸ் மறுபடி கேட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் அவர்கள் மணிப்படி மூன்றுக்கே போனேன். விலை பேச உட்கார்ந்தால் கிர்மா பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தார். குழந்தைகள் யாரிடம் இருக்கிறார்கள், வயதானவர்கள் இருக்கிறார்களா, குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்றெல்லாம் விசாரித்தார். ஆர்டர் எங்கேயும் போய்விடாது, முதலில் மனிதர்கள்தான் முக்கியம் என்றார். விருந்தினரை இப்படியெல்லாம் விசாரிப்பது அந்த நாட்டு மரியாதை போலும் என்று நினைத்து நானும் அவர்கள் வீட்டுத் தண்ணீர் வசதியைப் பதிலுக்கு விசாரித்தேன். கிர்மாவின் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை காலை எங்கள் முதலாளி போன் செய்தார்.

"இன்னாய்யா, அங்க போயி இன்னா பேசன? ஆம்பூர்ல தண்ணி இல்லன்னு சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லல பாய்."

"மெயில் போட்டிருக்கான். உங்க ஊர் துன்பத்துல நாங்களும் பங்கெடுத்துக்கறோம், நிலைமை அடங்கற வரைக்கும் ஆர்டர் நிக்கட்டும்னு. நிலைமைன்னா எந்த நிலைமை? நாங்க இன்னா செத்தா போய்ட்டோம்?" மூச்சு வாங்கிக்கொண்டார். "டீக்கடையில பேப்பர் படிச்சிட்டு உலகத்து நாயமெல்லாம் பேசுவியே, அதை அங்கயும் தூக்கிட்டுப் போய்ட்டியா?"

உடனே போனை வைத்துவிட்டார். சிறிது நேரத்தில் பர்வீனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஆர்டர் நின்றுபோனது அதற்குள் சாம்பிள் ரூம்வரை போய்விட்டது. பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கலாமா, இல்லை காசைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று லைனில் எல்லாரும் கேட்கிறார்களாம். "இன்னா சொல்றதுணா?" என்று முடித்திருந்தாள். அன்று காபியில் சர்க்கரை போடவில்லை.

வியாழக்கிழமை கடைக்குப் போனபோது கிர்மா வெளியே போயிருந்தார். அல்மாஸ் என்னை உள்அறையில் உட்காரவைத்துக் காபி வறுக்கத் தொடங்கினார். பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, மண் கூஜாவில் கொதிக்கவைத்துத் தருவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை பொரித்த சோளம் தருவார்கள். சோளத்தை மென்றபடி சுவரைப் பார்த்தேன். குதிரை மேல் ஈட்டியோடு ஒரு புனிதர் படம். அதற்குக் கீழே, நாலு மூலையிலும் குண்டூசி குத்தி, எங்கள் பக்கத்து ஊரான ஆலங்காயத்தின் சாலை மறியல்.

எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். நம் நாளிதழ்தான்; ஷூவிலிருந்து அல்மாஸ் உருவி நீவிவிட்ட அதே தாள். பாதிப் பக்கத்துக்குப் படம்: நடுரோட்டில் வரிசையாக உட்கார்ந்த பெண்கள், அவர்கள் முன்னால் பச்சை, சிவப்பு, நீலத்தில் காலிக் குடங்கள், பின்னால் நிற்கும் ஒரு பஸ், இடுப்பில் கை வைத்த ஒரு போலீஸ்காரர். ஓரத்தில் தேதி 12-7-2017. படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. ஆலங்காயத்துக்கு இவ்வளவு கௌரவம் அதற்கு முன்னும் கிடைத்திருக்காது, பின்னும் கிடைக்கப்போவதில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம்முடைய 2017 ஜூலை, அவர்கள் கணக்கில் போன வெள்ளிக்கிழமை. நான் ஊரிலிருந்து கிளம்பியதற்கு முந்தின நாள்.

கிர்மா வந்ததும் இது பழைய நாளிதழ் என்று சொன்னேன். எங்கள் காலண்டர்ப்படி ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் வந்தது என்றேன். ஐரோப்பியக் காலண்டர் அவருக்கும் தெரியும்; சரக்குக் காகிதமெல்லாம் அதில்தான் வருகிறது. ஆனால் அவருக்கு வேறொரு சந்தேகம்.

"நாளிதழை ஏழெட்டு வருடம் யார் வைத்திருப்பார்கள்? இங்கே ஒரு நாளிதழை மாலைக்குள் ஐம்பது பேர் படித்துக் கிழித்துவிடுவார்கள்." என் தோளில் கை வைத்தார். "வெட்கப்படாதீர்கள். எங்கள் நாளிதழில் தெருவில் உட்கார்ந்தவர்கள் படம் முதல் பக்கத்தில் வந்தால், அன்று அரசாங்கமே இருக்காது. உங்கள் ஊர் என்ன நிலைமையில் இருக்கிறது என்று எங்களுக்குப் புரிகிறது."

கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லும்படி அல்மாஸ் கேட்டார். மொழிபெயர்த்தேன். குடிநீர் கேட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள், போக்குவரத்து நின்றது, போலீசார் பேச்சுவார்த்தை நடத்தினார்கள், எல்லாரும் கலைந்து போனார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் கிர்மா.

"அவ்வளவுதான்."

"போலீசார் என்ன சொன்னார்கள்?"

"தண்ணீர் வரும் என்று."

"வந்ததா?"

"அதை நாளிதழ் போடாது."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எதையோ மறைக்கிறேன் என்பது அவர்களுக்கு இப்போது உறுதியாகிவிட்டது. வேறு வழியில்லாமல் போனை எடுத்தேன். அங்கே மாலை நாலு மணி, ஆம்பூரில் ஆறரை. பர்வீனுக்கு வீடியோ கால் போட்டு, ஊர் எப்படி இருக்கிறது என்று இவர்களுக்குக் காட்டு என்றேன்.

அந்த நேரத்தில் ஆம்பூரில் என்ன நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். திரையில் சாம்பிள் ரூம் தெரிந்தது. தரையில் இரண்டாவது லைன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் பச்சை, சிவப்பு, நீலத்தில் குடங்கள்.

அல்மாஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். சுவரில் இருந்த படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்போது கம்பெனிக்குள்ளேயும் உட்கார்ந்துவிட்டார்களா?" என்று கிர்மா மெதுவாகக் கேட்டார்.

"பர்வீன், தண்ணி இருக்குன்னு காட்டும்மா. குழாயைத் திற," என்று கத்தினேன்.

திறந்தாள். குழாய் நீளமாக ஒரு மூச்சு விட்டது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"ஒருநாள் உட்டு ஒருநாள்தானே, நாளைக்குத்தான் நம்ம தெருவு மொறைணா, மறந்துட்டீங்களா?" என்றாள் அவள், வாய் நிறையப் பேரீச்சம்பழத்தோடு. "இன்னாத்துக்குக் கொழாய்? அதான் நேத்தே புடிச்சி வச்சிட்டமே." ஒரு குடத்தை இடுப்பில் சாய்த்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். வழியவழிய ஊற்றினாள். பக்கத்தில் இருந்தவள் பாதியைப் பிடுங்கிக் குடித்தாள். யாரோ சமோசாவைக் கேமரா பக்கம் நீட்டி, அண்ணனுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று கேட்டாள். கடலைமாவு என்றேன். அறையே சிரித்தது.

அவர்கள் நோன்பு திறந்துகொண்டிருக்கிறார்கள் என்று கிர்மாவுக்கு விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்தது. அவர் கடையிருக்கும் தெருவில் பாதிப் பேர் அதே நோன்பு. ஆனால் அல்மாஸின் கண் வேறொன்றில் நின்றது. கஞ்சிக் கிண்ணங்களுக்குக் கீழே விரித்திருந்த நாளிதழ்களைச் சுட்டிக்காட்டினார். பர்வீனிடம் அதைப் பற்றிக் கேட்டேன்.

"அதையேன் கேக்கறீங்க? தெனம் சாயங்காலம் நோன்பு தொறக்க விரிச்சி விரிச்சி, மேல இருந்த புது பேப்பர் எல்லாம் காலி. உங்க ஷூவுக்குப் பேப்பர் கட்டுக்கு அடியில கிடந்ததுதான் கெடச்சிது. ரொம்பப் பழசு, ஒரே தூசி. ஏன், அவங்களுக்குத் தும்மல் வந்துடுச்சா?"

போனை மூலைக்குக் கொண்டுபோய்க் கட்டின் அடியைக் காட்டினாள். பழுப்பேறிய தாள்கள். மேலே இருப்பதை எடுப்பார்கள், புதிதாக வருவதையும் மேலேயே வைப்பார்கள். அடித்தாள் வெளிச்சம் பார்க்க ஒரு ரம்ஜான் மாதம் வர வேண்டும். அல்மாஸ் சுவரில் இருந்த தாளின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் பழுப்பு. ஆறு நாளில் எந்தத் தாளும் அப்படிப் பழுக்காது.

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு கிர்மா. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சரி, உண்மையைச் சொல்லுங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையே. உங்கள் ஊரில் நெருக்கடி இருக்கிறதா, இல்லையா?"

அந்த நேரம் பார்த்துக் கடையில் மின்சாரம் போனது. அல்மாஸ் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை ஆலங்காயத்திடமிருந்து எடுத்துக் கணக்கு மேஜையில் வைத்தார். தெருவில் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இது நெருக்கடியா?" என்று நான் கேட்டேன்.

"இது வியாழக்கிழமை," என்றார் கிர்மா.

"எங்களுக்கும் அதேதான்."

அந்த வெளிச்சத்திலேயே விலை பேசினோம். அல்மாஸ் இரண்டு இடத்தில் என்னை நெருக்கினார், ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தார், கடைசியில் தலையாட்டினார். மின்சாரம் வந்ததும் என் எதிரிலேயே ஆம்பூருக்கு மெயில் போனது. நான் பர்வீனுக்கு, லைனில் எல்லாரையும் துணி எடுக்கச் சொல் என்று மட்டும் செய்தி அனுப்பினேன். முதலாளி போன் செய்து, என்ன மந்திரம் போட்டாய் என்று கேட்டார். பேப்பர் படித்துக் காட்டினேன் என்றேன். அவர் நம்பவில்லை.

ஆர்டரில் ஒரே ஒரு மாற்றம். அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழகிய பக்கிள் வேண்டும் என்று, மாதிரிக்கு ஒரு ஜோடி உள்ளூர் ஷூவைக் கிர்மா கொடுத்தார். விடுதிக்கு வந்து பார்த்தால் அதன் மூக்கு ஏற்கெனவே லேசாக நசுங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக வளைவுக்குக் கீழே இருந்தவரிடம் போய் அன்றைய நாளிதழைக் கேட்டேன். வாடகைக்கு அல்ல, விலைக்கு என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதல் பக்கத்தில் நீளமான மேஜை, கோட்டு போட்டவர்கள், வரிசையாகத் தண்ணீர் பாட்டில். சாம்பிள் ரூமில் பர்வீன் இதைப் பிரித்துப் பார்த்தால், என்ன வளமான நாடு என்று நினைத்துக்கொள்வாள். தேதி இருந்த மூலையை மட்டும் கிழித்து எறிந்துவிட்டு, மீதியைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்தேன்.